நீலமலை முதல் நீலத் திமிங்கிலம் வரை

நீலகிரியில் வாழும் நமக்கு மலைக்குப் பஞ்சமில்லை. மழைக்கும் பனிக்கும் பஞ்சமில்லை. கடலுக்குத்தான் பஞ்சம். ஆறாயிரம் அடி உயரத்தில் குன்னூரில் இருந்துகொண்டு பார்த்தால், கடல் என்பது தேசப்படத்தில் நீல நிறம் பூசிய இடம், அவ்வளவே. அந்தக் கடலுக்குள் திமிங்கிலம் என்று ஒன்று இருப்பதை நம்மில் பலரும் முதன்முதலில் அறிந்தது யோனாவின் கதையில்தான். விவிலியம் ‘பெரிய மீன்’ என்று மட்டுமே கூறுகிறது. நாம்தான் அதைத் திமிங்கிலமாக்கி, வாயைப் பிளந்தபடி படம் வரைகிறோம். ‘திமி’ என்னும் பெருமீனையே விழுங்கக் கூடியது ஆகையால் அதற்குத் திமிங்கிலம் என்று பெயர் வந்ததாம். பெயரைக் கேட்டாலே அச்சம் உண்டாகிறதல்லவா?

அத்தகைய பேருயிரை நேரில் காணும் பேறு எனக்கு 2024 ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் கிட்டியது. என் தந்தையுடனும் அப்பாயியுடனும் இலங்கைத் தீவுக்குச் சென்று வந்தேன். கண்டதையும் கேட்டதையும் என் அன்புத் தோழியரோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

“ஊட்டியையும் குன்னூரையும் பார்க்க உலகமே வருகிறது. நீங்கள் ஏன் இலங்கைக்குப் போனீர்கள்?” என்று தோழி ஒருத்தி கேட்டாள். விடை சற்று நீளமானது, பொறுமையுடன் படியுங்கள்.

கோத்தகிரி, கூடலூர், பந்தலூர், சேரம்பாடி என்று நம் மாவட்டத்தில் எங்கு சென்றாலும் ‘சிலோன்காரர்கள்’ என்று அழைக்கப்படும் குடும்பங்களைக் காணலாம். எங்கள் குடும்பமும் அவற்றுள் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் நம் தமிழ்நாட்டு ஏழைக் குடியானவர்களை முதலில் காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் இலங்கைக்கு அழைத்துச் சென்றார்கள். காட்டை அழித்து அந்த மலைநாட்டைப் பச்சைத் தோட்டமாக்கியவர்கள் அவர்களே. ஆயினும் 1948 இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால் அவர்களில் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியவரல்லாமல் போயினர். பின்னர் 1964 அக்டோபர் 30 ஆம் நாள் பிரதமர்கள் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். 5,25,000 பேரை இந்தியா ஏற்பது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை அளிப்பது என்று முடிவாயிற்று. மீதமிருந்த 1,50,000 பேரை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். மாங்காயைப் பங்கிடுவது போல மனிதரைப் பங்கிட்டார்கள் என்று என் தந்தை கூறுவார்.

அப்படித் திரும்பியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகவே தமிழ்நாடு அரசு 1968 இல் நீலகிரியில் தேயிலை பயிரிடத் தொடங்கியது. அதுவே பின்னர் ‘டான்டீ’ என்னும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆயிற்று.

என் அப்பாயி 1973 இல் வந்தார். அப்போது அவருக்கு வயது பதினைந்து. இன்று எனக்குள்ள வயது. அவருடைய அக்கா அதற்கு முன்பே மணமாகி, கணவர் வீட்டாருக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்துவிட்டதால் அங்கேயே தங்கிவிட்டார். ஒரே லயத்தில் ஒரே பாயில் உறங்கிய இருவரில் ஒருவர் இந்தியர் ஆனார். மற்றவர் இலங்கையர் ஆனார். அட்டன் நிலையத்தில் தலைமன்னாருக்குப் போகும் இரயில் நின்றது. போகிறவர்களும் இருக்கிறவர்களும் அழுத அழுகையால் அந்த இரயிலுக்கே ‘அழுகைக் கோச்சி’ என்று பெயர். (அங்கே இரயிலைக் கோச்சி என்பார்கள்.) அக்கா ஓடி வந்து சன்னல் வழியாக ஒரு பொட்டலத்தைக் கொடுத்தாராம். உள்ளே ரொட்டியும் சம்பலும். இராமேசுவரம் வந்து இறங்கி, மண்டபம் முகாமுக்குப் போகும் வரை அப்பாயி அதைப் பிரிக்கவேயில்லை. “பிரிச்சா தீர்ந்து போயிடும்ல, பாப்பா” என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு ஐம்பத்தோர் ஆண்டுகள். கடிதங்கள் வந்தன; கலவரக் காலத்தில் அவையும் நின்றன; பிறகு தொலைபேசி வந்தது. “கண்ணு மங்கிக்கிட்டு வருது. முழுசா மங்குறதுக்குள்ள ஒரு தடவை வந்துட்டுப் போ” என்று பெரிய அப்பாயி சொன்ன நாளிலிருந்து அப்பாயி சரியாக உண்ணவில்லை. வாடகைக் கார் ஓட்டும் என் தந்தை இரண்டாண்டு சீட்டுப் பணத்தை எடுத்தார். எங்கள் பயணம் உறுதியாயிற்று.

தலைமன்னார்க் கப்பல் 1984 இல் போர்ச் சூழலால் நின்றுவிட்டது. 2023 இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு மீண்டும் கப்பல் விட்டிருக்கிறார்கள். நாங்களோ திருச்சியிலிருந்து வானூர்தியில் சென்றோம். அப்பாயிக்கு முன்பு இரண்டு பகலும் இரவும் பிடித்த வழி, ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது! கொழும்பு விமான நிலையத்தில் அதிகாரி அப்பாயியின் பாஸ்போர்ட்டைப் புரட்டினார். நாட்டினம்: இந்தியர். பிறந்த இடம்: இலங்கை. அவர் ஒரு முறை அப்பாயியின் முகத்தைப் பார்த்துவிட்டு, முத்திரை குத்தினார். முப்பது நாள் அனுமதி. பிறந்த ஊரில் தங்குவதற்கு முப்பது நாள்!

அட்டனுக்கு அப்பாலுள்ள அந்தத் தோட்டத்தைக் கண்டதும் எனக்கு வியப்பாயிருந்தது. நம் குன்னூரைப் பெயர்த்து அங்கே வைத்தது போல அதே பச்சைச் சரிவு, அதே சில்வர் ஓக் மரங்கள், முதுகில் அதே கூடை. லயத்து வாசலில் பெரிய அப்பாயி கைத்தடியுடன் நின்றிருந்தார். என்னென்னவோ பேசுவார்கள், கதறி அழுவார்கள் என்று எதிர்பார்த்தேன்.

“வந்துட்டியா?” என்றார் அக்கா.

“வந்துட்டேன்கா” என்றார் தங்கை.

அவ்வளவுதான். உள்ளே சென்றோம். தட்டில் ரொட்டியும் சம்பலும் இருந்தன. இம்முறை அப்பாயி உடனே உண்டார்.

பெரிய அப்பாயியின் மகன், அதாவது என் சித்தப்பா, சுற்றுலாப் பயணிகளுக்கு வேன் ஓட்டுகிறார். “பாப்பா மலையிலேருந்து வந்திருக்கு. மறுபடியும் மலையையே காட்டினா என்ன நியாயம்? மிரிஸ்ஸவுக்குப் போய்த் திமிங்கிலம் பார்ப்போம்” என்றார். நான் துள்ளிக் குதித்தேன். அப்பாயியோ மறுத்துவிட்டார். “கப்பல்ல வந்தப்போ முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டே வந்தவ நான். அந்தக் கடலை நான் பாக்கவும் இல்ல, பாக்கப் போறதும் இல்ல” என்றார். பெரிய அப்பாயி சிறிது நேரம் பேசாமலிருந்தார். பிறகு, “நானும் வாரேன் புள்ள. நம்மளப் பிரிச்ச கடலு எப்படித்தான் இருக்குன்னு பார்த்துடுவோம்” என்றார். அக்காவின் சொல்லுக்கு மறுசொல் ஏது?

மிரிஸ்ஸ என்பது இலங்கையின் தென்கோடியில் மாத்தறைக்கு அருகிலுள்ள மீனவர் ஊர். நவம்பர் முதல் ஏப்ரல் வரை அங்கே கடல் அமைதியாக இருக்கும். அப்போது திமிங்கிலம் காணப் படகுகள் செல்கின்றன. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் கிழக்கேயுள்ள திருகோணமலைக் கடலில் காணலாம். இந்தப் பக்கத்தில் கரையை விட்டுச் சில கல் தொலைவு சென்றாலே கடல் மிக ஆழமாகிவிடுகிறது. அதனால்தான் பேருயிர்கள் கரைக்கு இவ்வளவு அருகே வருகின்றன.

டிசம்பர் 29 ஆம் நாள் அதிகாலை எங்கள் படகு துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. எல்லாருக்கும் ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை மாட்டிவிட்டார்கள். இரு அப்பாயிகளும் சேலைக்கு மேல் அதை அணிந்து, கைகோத்து அமர்ந்திருந்த காட்சி என் கண்ணை விட்டு அகலாது. கிழக்கே தேவேந்திரமுனைக் கலங்கரை விளக்கம் வெண்ணிறத் தூண் போலத் தெரிந்தது. இலங்கையிலேயே உயரமான கலங்கரை விளக்கம் அதுதான். அதைத் தாண்டித் தெற்கே சென்றால் அண்டார்டிகா வரை நிலமே இல்லை என்று சித்தப்பா கூறியபோது என் வயிறு கலங்கியது. பறக்கும் மீன்கள் வெள்ளிக் காசுகளை வீசியது போல எழுந்து விழுந்தன. சுழல் டால்பின்கள் கூட்டமாக வந்து, உயரத் தாவிச் சுற்றிச் சுற்றி விழுந்தன. ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் சென்றது. தண்ணீர் தவிர வேறொன்றும் இல்லை.

திடீரென்று மேல்தட்டில் நின்ற இளைஞர், “தல்மசா! தல்மசா!” என்று கூவினார். சிங்களத்தில் திமிங்கிலத்துக்கு அதுதான் பெயர். தொலைவில் முப்பதடி உயரத்துக்கு நீராவித் தூண் ஒன்று எழுந்து கலைந்தது. அது திமிங்கிலத்தின் மூச்சு! மீனல்லவே அது, நம்மைப் போலக் காற்றைச் சுவாசிக்கும், குட்டி ஈன்று பால் கொடுக்கும் உயிர். படகோட்டி வேகத்தைக் குறைத்தார். நூறு மீட்டருக்கு அருகில் நெருங்கக் கூடாது என்பது விதி. பிறகு இயந்திரத்தையும் நிறுத்திவிட்டார். அப்போதுதான் அந்த ஓசையைக் கேட்டேன். பெரிய துருத்தியை ஒரே அழுத்தாக அழுத்தியது போன்ற ‘புஸ்ஸ்’ என்ற ஒலி. அதையடுத்து முதுகு தெரிந்தது. தெரிந்துகொண்டே இருந்தது, முடியவே இல்லை. நம் பள்ளிப் பேருந்து இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவு நீளமோ ஏறத்தாழ அவ்வளவு. நீலம் என்று சொல்கிறோமே, அது நீலமுமில்லை, சாம்பலுமில்லை. மழை விட்டதும் தொட்டபெட்டாச் சரிவில் தோன்றும் நிறம் அது.

“என்னடி தெரியுது?” என்று கேட்டார் பெரிய அப்பாயி. மங்கிய கண்களுக்கு அவ்வளவு தூரம் எட்டவில்லை. கடலையே பார்க்க மாட்டேன் என்றிருந்த என் அப்பாயி எழுந்து நின்று, ஒரு கையால் கம்பியையும் மறு கையால் அக்காவையும் பிடித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினார். “பொறு பொறு... இப்ப முதுகு மட்டும் தெரியுதுக்கா. நம்ம மேட்டு லயத்துக்குப் பின்னால ஒரு கரடு இருக்குமே, பனி மூடினா அது மட்டும் தலைநீட்டிக்கிட்டு நிக்குமே, அதே மாதிரி... ஐயோ, முங்குது! வாலைத் தூக்குது, அக்கா! ரெண்டு முறம் சேர்த்து விரிச்ச மாதிரி... தண்ணி வடியுது... போயிடுச்சு.” அக்கா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். தமக்கு மூச்சு நன்றாகக் கேட்டது என்று சொன்னார்.

பத்துப் பதினைந்து நிமிடம் கழித்து அது மீண்டும் எழும் என்று இளைஞர் கூறினார். அந்த இடைவெளியில் அவர் சொன்ன செய்திகளைச் சித்தப்பா எங்களுக்குத் தமிழில் சொன்னார். நீலத் திமிங்கிலமே இவ்வுலகில் இதுவரை தோன்றிய உயிர்களில் மிகப் பெரியது. அதன் நாக்கு மட்டுமே ஒரு யானை எடை இருக்கும். ஆனால் பெருமீனை விழுங்குவது என்று பெயர் பெற்ற இதற்குப் பல்லே கிடையாது! வாயில் சீப்புப் போன்ற தகடுகள் உண்டு. வாய் நிறையக் கடல்நீரை எடுத்து, அத்தகடுகளால் வடிகட்டி, சுண்டுவிரலளவு இறால்களையே அது உண்கிறது. யானையைவிடப் பன்மடங்கு பெரிய உயிர் இவ்வளவு சிறிய உணவால் வாழ்வது இறைவனின் விந்தையல்லவா?

இதைவிட வியப்பான செய்தி ஒன்றுண்டு. மற்றக் கடல்களில் நீலத் திமிங்கிலங்கள் உணவுக்காகக் குளிர்ந்த துருவக் கடலுக்கும், குட்டி ஈனுவதற்காக வெப்பக் கடலுக்கும் ஆண்டுதோறும் பெரும்பயணம் செய்கின்றன. வெப்பக் கடலில் அவற்றுக்குப் போதிய உணவு கிடைக்காது என்றே அறிஞர்கள் எண்ணியிருந்தார்கள். 2003 ஆம் ஆண்டு ‘ஒடிசி’ என்னும் ஆய்வுக் கப்பலில் சென்ற இலங்கைப் பெண் ஆஷா டி வோஸ், இதே தென்கடலில் திமிங்கிலங்களுக்கு அருகே செந்நிறக் கழிவு மிதப்பதைக் கண்டார். மற்றவர் முகஞ்சுளிக்கும் அந்தக் கழிவில் அவர் ஓர் உண்மையைக் கண்டார். கழிவு இருக்குமானால் உணவு இங்கேயே கிடைக்கிறது! இங்குள்ள நீலத் திமிங்கிலங்கள் இடம் மாறி உலாவினாலும், துருவக் கடலுக்குச் செல்லாமல் இந்த வெப்பக் கடலிலேயே வாழ்கின்றன என்பது தெளிவாயிற்று. கடற்பாலூட்டிகள் பற்றிய ஆய்வில் முனைவர் பட்டம் பெற்ற முதல் இலங்கையர் இப்பெண்மணியே. 2017 இல் ‘ஓஷன்ஸ்வெல்’ என்னும் கடலாய்வு நிறுவனத்தையும் அவர் தொடங்கினார். விஞ்ஞானம் நமக்கு எட்டாது என்று நினைக்கும் தோழியர் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பா இதைச் சொல்லி முடித்ததும் என் அப்பாயி கேட்டார்: “அப்ப இது எங்கேயும் போகாதா? இங்கேயே இருக்குமா?”

“ஆமா சின்னம்மா, இதுதான் அதோட வீடு.”

“கொடுத்து வச்ச பொறப்பு. இதுகிட்ட யாரும் துண்டு கேக்கல, பாஸ்போட்டு கேக்கல. பொறந்த இடத்துல சாப்பிட்டுக்கிட்டு, பொறந்த இடத்துல இருக்கு” என்றார் அப்பாயி.

யாரும் பேசவில்லை. “ஆச்சி என்ன சொன்னார்?” என்று இளைஞர் சிங்களத்தில் கேட்க, சித்தப்பா எடுத்துக் கூறினார். அவர் தலை குனிந்து கீழே சென்றார். இரண்டு கோப்பை இஞ்சிப் பிளேன்டீயுடன் திரும்பி வந்து, “ஆச்சி, தே” என்று இருவர் கையிலும் கொடுத்தார். பாட்டியைச் சிங்களத்திலும் ஆச்சி என்றுதான் அழைக்கிறார்கள் என்பதை அன்று அறிந்தேன்.

திமிங்கிலம் மீண்டும் எழுந்தபோது வேறொரு படகு விரைந்து வந்து அதன் முன்னே குறுக்கிட்டது. அது வாலைக்கூடக் காட்டாமல் ஆழத்துக்குச் சென்று மறைந்தது. இளைஞர் வருத்தத்துடன் தெற்கே கை நீட்டினார். தொடுவானில் சரக்குக் கப்பல்கள் வரிசையாக ஊர்ந்துகொண்டிருந்தன. உலகிலேயே நெரிசல் மிக்க கப்பல் பாதைகளுள் ஒன்று தேவேந்திரமுனைக்குத் தெற்கே செல்கிறது. திமிங்கிலங்கள் இரை தேடும் இடமும் அதுவே. கப்பலின் முனையில் அடிபட்டு அவை இறக்கின்றன. ஒரு கப்பல் திமிங்கிலத்தின் உடலை முனையில் சுமந்தபடியே துறைமுகம் வந்ததும் உண்டாம்.

கொடுமை இன்று தொடங்கியதன்று. இருபதாம் நூற்றாண்டில் எண்ணெய்க்காக மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட நீலத் திமிங்கிலங்களை மனிதர் கொன்றனர். 1960 களில் சோவியத் கப்பல்கள் வட இந்தியப் பெருங்கடலில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைச் சட்டத்துக்குப் புறம்பாக வேட்டையாடின. 1979 இல் இந்தியப் பெருங்கடல் திமிங்கிலங்களின் புகலிடமாக அறிவிக்கப்பட்ட பிறகே அவை மூச்சுவிட்டன. நம் தமிழக மக்களுக்கும் இவ்வுயிர்கள் மீது இரக்கம் உண்டு. 2016 சனவரியில் திருச்செந்தூரை அடுத்த மணப்பாடு கரையில் சிறுவகைத் திமிங்கிலங்கள் கூட்டமாக ஒதுங்கியபோது, மீனவர்கள் அவற்றைக் கட்டி இழுத்து ஆழ்கடலில் விட முயன்றார்கள். சில கரைக்கே திரும்பி வந்து இறந்தன. ஆயினும் அவர்கள் விடாமல் முயன்றதே பெரிதல்லவா?

ஒரு நல்ல செய்தியும் உண்டு. கப்பல்கள் சற்றே தெற்கே விலகிச் சென்றால் போதும், திமிங்கிலங்கள் பிழைக்கும் என்று ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகக் கூறி வந்தார்கள். 2022 இல் எம்.எஸ்.சி. என்னும் மாபெரும் கப்பல் நிறுவனம் தன் கப்பல்களைச் சுமார் 15 கடல் மைல் தெற்கே திருப்பிவிட்டது. எல்லாரும் இன்னும் மாறிவிடவில்லை. ஆயினும் ஒருவர் மாறினால் மற்றவரும் மாறலாமே!

திரும்பி வரும் வழியெல்லாம் நான் இதையே எண்ணிக்கொண்டிருந்தேன். கடலில் ஏது கோடு? கப்பல் பாதை என்பது யாரோ ஓர் அறையில் அமர்ந்து தேசப்படத்தின் மீது இழுத்த கோடு. அங்கே ஓர் உயிர் குடியிருக்கிறது என்பது இழுத்தவருக்குத் தெரியாது. 1964 இல் போட்ட கோடும் அப்படிப்பட்டதே. அது ஒரே பாயில் உறங்கிய அக்காளுக்கும் தங்கைக்கும் நடுவே விழுந்தது. தோட்டத்தில் கொழுந்து பறித்த ஒருவரையும் கூப்பிட்டு, “உனக்கு எங்கே இருக்க விருப்பம்?” என்று அந்த மேசையில் கேட்கவில்லை. ஆனால் மனிதர் போட்ட கோட்டை மனிதரே திருத்தவும் முடியும். எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினருக்கு இலங்கை அரசு 2003 இல் சட்டம் இயற்றிக் குடியுரிமை வழங்கியது. என் அப்பாயிக்கு அது முப்பது ஆண்டு தாமதம். ஆயினும், பெரிய அப்பாயியின் பக்கத்து லயத்தில் நாடற்றவராயிருந்த குடும்பம் இன்று தலைநிமிர்ந்து வாழ்கிறது.

தோழியரே! நாம் இன்று படிக்கும் புவியியல் புத்தகத்தில் கோடுகள் நிறைய உள்ளன. நாளை நம்முள் சிலர் அதிகாரிகள் ஆவோம். சிலர் பொறியாளர், சிலர் மாலுமிகள், சிலர் சட்டம் இயற்றுவோர் ஆவோம். கோடு போடும் பென்சில் ஒருநாள் நம் கைக்கும் வரும். அன்று, போடுவதற்கு முன்னால், அந்த இடத்தில் யார் குடியிருக்கிறார்கள் என்று ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவோம். கடலானாலும் சரி, தேயிலை மலையானாலும் சரி.

— பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு